தவிட்டு நிறக் குதிரையின் குட்டி

என் கொழுந்தனைக் கொன்றது எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குதிரை. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் விளங்கும்.

நான் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் என் மாமனார் வீட்டில் வயல் கொஞ்சம், குதிரைகள் அதிகம். பஸ் அப்போதுதான் ஒன்றிரண்டு ஓடத் தொடங்கியிருந்தது. கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் மேலே போகும். ஏலக்காய் கீழே வரும். பொதி சுமக்கவும் ஜட்கா இழுக்கவும் குதிரை வேண்டியவர்கள் எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். மாமனார் பெட்டைக் குதிரைகளை வைத்துக் குட்டி எடுத்து, வண்டிக்குப் பழக்கி விற்றார். அவருடைய மகன்கள் இருவரும் அந்த வேலையில்தான் இருந்தார்கள். மூத்தவர் என் கணவர்.

பெட்டைகளில் பெரியது சாம்பல் நிறத்தது. மலையேறுவதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் குணம் கெட்டது. கொள்ளு வைக்கப் போகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். என் முழங்கையில் அதன் பல் பதிந்த தழும்பு இப்போதும் இருக்கிறது. அது போட்ட குட்டிகளும் அதே மாதிரி. மாமனார் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

"சூடு இருந்தாத்தான் அது குதிரை. இல்லாட்டிக் கழுதை" என்பார்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில் வெள்ளைக் குதிரை ஒன்று இருந்தது. கல்யாண ஊர்வலங்களில் கொட்டுச் சத்தம் கேட்டால் பின்னங்காலில் எழுந்து நின்று ஆடும். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். மாமனாரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சாம்பல் பெட்டை பருவத்துக்கு வரும்போதெல்லாம் அதை அந்த வெள்ளையிடம்தான் கொண்டுபோவார். அப்படிப் பிறந்ததுதான் செவலை.

ஒரு காலையில் கொழுந்தன் அந்தச் செவலையை ஜட்காவில் பூட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கத்து வாரை மாட்டக் குனிந்தபோது அதன் உதை அவர் நெஞ்சில் விழுந்தது. அதோடு நிற்கவில்லை. அவர் மண்ணில் கிடந்தபோது அது ஏர்க்காலைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து மிதித்தது. அவருடைய மனைவி, என் ஓரகத்தி, கஞ்சிச் சட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். முழுகாமல் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். அவர் சில நாட்கள் இரத்தமாகத் துப்பிக்கொண்டு கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிவதற்குள் மாமனார் செவலையை யாரோ ஓர் அசலூர் ஆளுக்கு விற்றுவிட்டார். அது என்ன செய்தது என்று அந்த ஆளிடம் சொல்லவில்லை. அது தெரிந்த நாளிலிருந்து என் கணவர் தன் அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "மாமாகிட்டச் சொல்லு" என்று என் மூலமாகவே எல்லாம் நடந்தது.

ஓரகத்தி கோம்பையில் பிறந்தவள். ஒல்லியாக, உயரம் குறைவாக இருப்பாள். அவளுடைய அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டும் போக மறுத்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. எங்கள் முன்னால் அவள் அழுது நான் பார்க்கவில்லை. குதிரைகள் இருந்த பக்கமே வரமாட்டாள்.

குழந்தை தவழத் தொடங்கிய சமயம், சாம்பல் பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்தது. மாமனார் அதைச் சின்னமனூருக்கு ஓட்டிப்போகக் கயிற்றை எடுத்தார். ஓரகத்தி முற்றத்தில் இறங்கி அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"மாமா, அந்த வெள்ளைக்கிட்டக் கொண்டு போகாதீக."

"ஒனக்கு என்னாத்தா தெரியும் இதப்பத்தி? உள்ள போ."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. என் வீட்டுக்காரரு செத்தது தெரியும். இன்னொரு செவலையப் பெத்துப் போடணுமா இந்த வீட்டுல?"

மாமனார் கயிற்றைக் கீழே போடவில்லை. ஆனால் நகரவும் இல்லை. என் கணவர் குதிரைகள் கட்டுகிற கொட்டத்திலிருந்து வெளியே வந்தார். நெடுநாளைக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பெட்டைய வித்துருவோம்."

"வித்தா அது இன்னொருத்தி வீட்டுல போயிக் கொல்லும் மச்சான்" என்றாள் அவள்.

குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை தாண்டும் குதிரைகள் வைத்திருப்பதாக என் கணவர் கேள்விப்பட்டிருந்தார். உயரத்தில் கட்டைகளைக் குறுக்கே வைத்து, குதிரையை ஓட்டிவந்து தாண்டவைப்பது துரைமார்களுக்கு ஒரு விளையாட்டு. கட்டையைக் கண்டு மிரளாத, சொன்ன சொல்லுக்கு நிற்கிற குதிரைதான் அதற்கு ஆகும் என்று பொதிக்காரர்கள் சொல்வார்களாம். தோட்டத்துக்கும் நல்ல மட்டக்குதிரைகள் தேவைப்பட்டதால், கீழே இருக்கிற பெட்டைகளுக்குத் தன் ஆண் குதிரைகளைச் சேர்த்துவிட அந்தத் துரை மறுப்பதில்லை. "போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார் என் கணவர்.

"நானும் வாரேன்" என்றாள் ஓரகத்தி.

புருஷனை இழந்தவள் பொலிகுதிரை பார்க்கப் போகிறாள் என்று தெருவில் பேச்சு எழுந்தது. மாமனார் காறித் துப்பிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். தனியாக அனுப்பினால் பேச்சு இன்னும் பெருகும் என்று நானும் கிளம்பினேன். மலையடிவாரம் வரை மாட்டுவண்டி, பிறகு நடை. குழந்தையை நானும் அவளும் மாறி மாறித் தூக்கிக்கொண்டோம்.

தோட்டத்து மைதானத்தில் பனி விலகாமல் இருந்தது. துரை எங்களை ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டியதோடு சரி. குதிரைக்காரர்தான் எல்லாம் காட்டினார். மலையாளத்துக்காரர், தமிழும் கலந்து பேசுவார். இரண்டு ஆண் குதிரைகள். ஒன்று நல்ல கறுப்பு, மேனி எண்ணெய் தடவினாற்போல. மற்றது தவிட்டு நிறம், பார்க்க ஒன்றுமில்லாதது.

கறுப்பு முதலில் தாண்டியது. அப்படி ஒரு தாண்டலை நான் பார்த்ததில்லை. கட்டைக்கும் அதன் குளம்புக்கும் இடையே ஆள் நுழையலாம். என் கணவர் "அடேயப்பா!" என்றார். ஆனால் ஒவ்வொரு தாண்டலுக்கும் முன்னால் அது காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கடிவாளத்தோடு மல்லுக்கு நின்றது. வெள்ளை விழி தெரிந்தது. தாண்டி முடித்ததும் அதைப் பிடித்து நிறுத்த ஆட்கள் இரண்டு பக்கமும் தொங்க வேண்டியிருந்தது.

தவிட்டு நிறம் நிதானமாக வந்தது. சிறிய கட்டைகளைத் தாண்டியது. உயரமான கட்டையில் முன்னங்கால் இடித்து, முட்டி போட்டு விழுந்தது. மேலே இருந்த ஆள் உருண்டு போய்ப் புல்லில் கிடந்தான். நான் குழந்தையின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன்.

குதிரை எழுந்தது. கடிவாள வார் தரையில் இழுபட, அந்த ஆள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. காலைத் தூக்கவில்லை. அவன் அதன் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். மறுபடி ஏறி, அதே கட்டைக்கு ஓட்டினான். அது காதை முன்னால் நீட்டிக் கட்டையைப் பார்த்தது. தாண்டியது.

"கறுப்பு நல்லாருக்கு" என்றார் என் கணவர்.

"இது போதும் மச்சான்."

"விழுந்த குதிரையவா எடுக்கிறது?"

"விழுந்ததுக்கப்பறம் அது என்ன செஞ்சதுனு பாத்தீகளா? அவரு கீழ கெடக்கயில செவலை என்ன செஞ்சுச்சுனு நான் பாத்தேன்."

என் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். குதிரைக்காரர் தவிட்டு நிறத்தின் கழுத்தைத் தட்டி, "இவன் பாவமா" என்றார். மலையாளத்தில் சாதுவானவனைத்தான் அப்படிச் சொல்வார்கள். நம் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்பதால் அவள் முதலில் திடுக்கிட்டாள். அதற்குப் பிறந்த குட்டிகள் உண்டா என்று கேட்டாள். பொதி சுமக்கும் இளம்பெட்டை ஒன்றைக் காட்டினார். அவள், குதிரைப் பக்கமே வராதவள், அதன் பின்னால் போய் நின்று, குனிந்து காலைத் தொட்டாள். இளம்பெட்டை தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது.

சாம்பல் பெட்டையை மறுநாளே மலைக்கு ஏற்றினார்கள். பின்னங்காலைத் தளையிட்டும் அது உதைத்து, தவிட்டு நிறத்தின் மார்பில் தோல் கிழிந்ததாம். அது பின்வாங்கி நின்று, பெட்டை அடங்கும் வரை புல்லைக் கடித்துக்கொண்டிருந்ததாம். என் கணவர் இதை வந்து சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

பெட்டைக்கு வயிறு இறங்கிய பிறகு ஓரகத்தி தினமும் கொட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். அதன் மேல் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. "அதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுதுக்கா" என்று என்னிடம் சொன்னாள். ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் குட்டி விழுந்தது. ஆண் குட்டி, அதே தவிட்டு நிறம். ஈரம் காயுமுன் அவள் உள்ளே நுழைந்தாள். பெட்டை அவள் தோளைக் கவ்வியது. என் கணவர் கொம்பால் அடித்துத்தான் விடுவித்தார். நான் மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சி வைத்துக் கட்டினேன். எலும்பு தெரிகிற காயம். கட்டுப் போட்ட தோளோடு மறுபடி எழுந்து போகப் பார்த்தாள்.

"ஒனக்கென்ன கிறுக்கா பிள்ள?" என்றேன்.

"ஆத்தாவப் பாத்துத்தான குட்டி காத மடக்கப் படிக்கும்? அதுக்கு முந்தி என் கையப் பாக்கட்டும்."

அது அவள் கையைப் பார்த்துத்தான் வளர்ந்தது. ஆத்தாவிடம் பால் குடிக்கும். மற்ற நேரமெல்லாம் அவள் பின்னால் திரியும். ஒரு நாள் அவளுடைய மகள், ஓடித் திரிகிற வயதில், முற்றத்தில் நின்ற குட்டியின் பின்னங்காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாமனார்தான் முதலில் பார்த்தார். நாங்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றோம். குட்டி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, பிள்ளையின் தலைமுடியை முகர்ந்தது, அசையாமல் நின்றது. பிள்ளை தானாகக் கையை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அது காலை மாற்றி வைத்தது.

மாமனார் போய் அந்தக் குட்டியின் முன்னால் நின்றுகொண்டு வெகுநேரம் அதன் நெற்றியைத் தடவினார். அதன் பிறகு சின்னமனூர் வெள்ளையைப் பற்றி அவர் பேசவில்லை. பெட்டையை மறுபடியும் மலைக்கே அனுப்பினார். அடுத்தது பெண் குட்டி, அதுவும் சாது. அதை வளர்த்துத் தேனியில் ஒரு ஜட்காக்காரருக்குக் கொடுத்தோம். முதல் குட்டியை விற்கக்கூடாது என்று ஓரகத்தி சொல்லிவிட்டாள். அது வண்டிக்குப் பழகி, வயற்சாமான்களையும் எங்களையும் இழுத்தது. ஓரகத்தி மட்டும் அந்த வண்டியிலும் ஏறமாட்டாள்; பக்கத்தில் நடந்தே வருவாள்.

அந்த நாட்கள் கொஞ்சம்தான். மாமனார் ஒரு சந்தையிலிருந்து ஆண் குதிரை ஒன்றைப் பிடித்து வந்தார். மூக்கில் சளி வடிந்தது. "வழி நடந்த சளி" என்று சொல்லி எல்லாக் குதிரைகளும் தண்ணீர் குடிக்கிற தொட்டியிலேயே அதையும் குடிக்க விட்டார். அது சில வாரங்களில் தொடையெல்லாம் கட்டி கட்டியாகப் புறப்பட்டு, உடைந்து, செத்துப் போனது. பிறகு சாம்பல் பெட்டையின் மூக்கிலும் அதே சளி. தகவல் எப்படியோ போய், சர்க்கார் மாட்டு டாக்டர் வந்தார்.

அவர் கைகளுக்கு ரப்பர் உறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு குதிரைக்கும் கண் இமையில் ஊசி போட்டார். நோய் இருந்தால் இமை வீங்கும் என்றார். மறுநாள் வந்து பார்த்தபோது, கொட்டத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் வீங்கியிருந்தது. தவிட்டு நிறக் குட்டிக்கும்.

"இது நல்லாத் திங்குதே. ஒரு சளி இல்ல, கட்டி இல்ல" என்றாள் ஓரகத்தி.

டாக்டர் மோசமான மனிதர் இல்லை. அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "உள்ளுக்குள்ள இருக்கும்மா. வெளியே தெரிய மாசக்கணக்காகும். மருந்து கிடையாது. மனுசருக்கும் ஒட்டும். எல்லாத்தையும் சுட்டுப் புதைக்கணும்னு சர்க்கார் உத்தரவு. வீட்டில் குழந்தை இருக்குல்ல?"

அவள் தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை வாசலில் நின்று குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "அவள உள்ள கொண்டு போங்கக்கா" என்றாள். அப்புறம் டாக்டரிடம், "ஆரு கூட்டிட்டு வாரது?" என்றாள்.

"ஆளுங்க இருக்காங்க. கயிறு கட்டி இழுத்துட்டு வருவாங்க."

"இழுக்க வேணாம். நான் கூப்பிட்டா வரும்."

ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் குழிகள் வெட்டிச் சுண்ணாம்பு மூட்டைகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன். அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. சாம்பல் பெட்டையை முதலில் கொண்டுவந்தார்கள். நோயால் நெஞ்செலும்பு தெரிய மெலிந்திருந்தும் அது கடைசி வரை சண்டை போட்டது. நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்தும் ஒருவன் கையைக் கடித்துவிட்டது. இரண்டு முறை சுட வேண்டியிருந்தது. ஓரகத்தி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் முகத்தில் நான் எதையும் காணவில்லை.

தவிட்டு நிறக் குட்டி கயிறு இல்லாமலே அவள் பின்னால் வந்தது. வெடிச் சத்தத்துக்குக் காதை ஒருமுறை அசைத்தது. அவள் மடியிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து நீட்டினாள். அது கையை நக்கித் தின்றது. டாக்டர் அவளை விலகிப் போகச் சொன்னார். அவள் விலகி நடந்தாள். குட்டியும் அவள் பின்னாலேயே நடந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, குட்டியைத் திருப்பிக் கூட்டிவந்து குழிக்கரையில் நிறுத்தினாள்.

"நில்லு" என்றாள்.

அது நின்றது. அவள் எங்களை நோக்கி வந்தாள். அது அவளைப் பார்த்துக்கொண்டே, காதை முன்னால் நீட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்றது. அவள் என்னிடம் வந்து சேர்வதற்குள் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. வந்து என் கையைப் பிடித்த அவள் விரல்கள் கருப்பட்டியும் எச்சிலுமாகப் பிசுபிசுத்தன. டாக்டர் ஓடி வந்து அவளைக் கைகழுவச் சொல்லி மருந்துத் தண்ணீர் ஊற்றினார். நெடுநேரம் கழுவினாள்.

கொட்டத்தின் கூரை, தொட்டி, வார், கயிறு எல்லாவற்றையும் எரித்தார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் பிள்ளையின் மேலிலும் அவள் மேலிலும் எங்காவது கட்டி தெரிகிறதா என்று தினமும் குளிக்கும்போது பார்த்துப் பார்த்தே நாங்கள் பாதி செத்தோம். ஒன்றும் வரவில்லை. மாமனார் அதிகம் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் அவள் இலையில் சோறு போடும்போது, "அந்தச் சந்தைக் குதிரைய நான் வாங்காம இருந்திருக்கணும் ஆத்தா" என்றார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, "சாப்பிடுங்க மாமா" என்றாள். அவர் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. என் கணவர் ஒரு பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கப் போனார்.

தேனிக்குக் கொடுத்த பெண் குட்டிக்கும் அந்த நோய் இருக்குமோ என்ற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. சந்தைக் குதிரை வருவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிட்டோம் என்று எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை. கடைசியில் நானும் அவளும் பஸ் ஏறித் தேனிக்குப் போனோம். ரயில் நிலையத்துக்கு வெளியே ஜட்காக்கள் நிற்கிற இடத்தில் அது இருந்தது. கொழுகொழுவென்று, வாலை ஆட்டிக்கொண்டு. அவள் அதன் மூக்கைப் பார்த்தாள். தொடையைத் தடவிப் பார்த்தாள். ஜட்காக்காரர் சிரித்தார்.

"என்னாத்தா, வித்த குதிரையத் திரும்ப வாங்க வந்தீகளா? தரமாட்டேன். பிரசவத்துக்குப் போற பொம்பளைக இந்த வண்டிதான் வேணும்ங்கிறாக. ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு குலுக்கல் கெடையாது."

"நல்லாருக்கட்டும்" என்றாள் அவள். கம்பத்தில் நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னாள். சந்தையிலிருந்து வருகிற எந்தக் குதிரையோடும் இதைத் தண்ணீர் குடிக்க விட வேண்டாம் என்றாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

பஸ் நிற்கிற இடம் சற்றுத் தூரம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. "ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றார் ஜட்காக்காரர். அவள் மறுத்துவிடுவாள் என்றே நினைத்து நான் நடக்கத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வண்டியின் பின்படியில் காலை வைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து, பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். குதிரை நடந்தது. கடைத்தெரு முழுவதும் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். பஸ் நிற்கிற இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கைகளில் ஒன்றை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.